உம்பாயில் விட்ட பூனை

பூனை கீறிய கோடு திவ்யதர்ஷினியின் கன்னத்தில், இடது கண்ணுக்குச் சற்றுக் கீழே, இன்னும் ஆறாமல் இருந்தது. கண் கிளினிக் வராந்தாவில் உட்கார்ந்திருந்த எல்லாரிடமும் அவள் அப்பா காந்தன் அதைக் காட்டிவிட்டார்.

“பாருங்கண்ணே. பொறந்தப்ப லேசா மாறுகண்ணு, அதுவே சரியாப் போச்சு. இப்ப பதினஞ்சு வயசுல இடது கண்ணு பொகை மாதிரி தெரியுதுங்குது. வீட்டுல பூனை சேக்காதன்னு இவ அம்மாகிட்ட தலப்பாடா அடிச்சிக்கிட்டேன், கேட்டாளா?”

பக்கத்தில் இருந்த அம்மா கமலவேணி மடியில் இருந்த பையைச் சரிசெய்துகொண்டாள். சோறு குழைந்தாலும் லோரி டயர் வெடித்தாலும் அவளால்தான் என்பது அந்த வீட்டில் பழகிப்போன பேச்சு.

“மைலோ ஒன்னும் பண்ணலப்பா” என்றாள் திவ்யா.

மைலோ அவள் குட்டியிலிருந்து வளர்த்த பழுப்புப் பூனை. முதலில் பார்த்த ஜாசின் ஊர் டாக்டர், “வீட்டுல பூனை இருக்கா?” என்று கேட்ட அன்றே காந்தன் அதை லோரியில் ஏற்றிக்கொண்டு போய் உம்பாய் கடற்கரையில் மீன் கடைகளுக்குப் பக்கத்தில் விட்டுவிட்டார். அன்றிலிருந்து திவ்யா சரியாகச் சாப்பிடவில்லை.

“அங்க மீனுக்கா பஞ்சம்? ஒன்னவிட கொழுத்திருக்கும் லா.”

“பூனையால இல்லன்னு இந்த டாக்டர் சொன்னா?”

“சொல்லட்டும். இன்னிக்கே உம்பாய் போயி தேடிப் புடிச்சி ஒம் மடியில போடறேன். இவங்கல்லாம் சாட்சி.”

தாதி பெயரைக் கூப்பிட்டாள். கூட ஒருவர்தான் வரலாம் என்றதால் கமலவேணி போனாள்.

சொட்டு மருந்தில் திவ்யாவின் கண்மணிகள் அகல விரிந்திருந்தன. டாக்டர் ரோகினி கண்ணின் உட்புறத்தைப் படம் எடுத்துத் திரையில் காட்டினார். செம்மஞ்சள் வட்டத்தின் நடுவில் பஞ்சு ஒட்டியது போல் ஒரு வெள்ளைத் திட்டு. அதை ஒட்டி, கறுத்த விளிம்போடு ஒரு தழும்பு.

“டோக்ஸோபிளாஸ்மா எண்டு ஒரு ஒட்டுண்ணி. பூனைக் கழிவு கலந்த மண்ணில இருந்து மனுசருக்கு வரும்.”

“அப்ப பூனைதானா டாக்டர்?” என்றாள் கமலவேணி.

“எப்ப வந்தது எண்டதுதான் கேள்வி. படத்தை நல்லாப் பாருங்கோ.”

கமலவேணி குனிந்து பார்த்தாள். திவ்யா பிறக்கும்வரை அவள் ரப்பர் தோட்டத்தில் பால் மரம் சீவியவள். “மரப்பட்டை மாதிரி இருக்கு. புது வெட்டு வெள்ளையா இருக்கும். பழசு கறுத்துப் போயிரும்.”

“அதேதான். வெள்ளை இப்ப வந்த புண். கறுப்பு பல வருசப் பழசு, வலது கண்ணிலயும் ஒண்டு கிடக்கு. அந்தத் தழும்பின் ஓரத்திலேயே ஒட்டுண்ணி இவ்வளவு நாளும் தூங்கியிருக்கு, இப்ப முழிச்சிட்டுது. சின்ன வயசில மாறுகண் இருந்ததா?”

“லேசா.”

“அப்ப இது பிறக்கிறதுக்கு முன்னமே வந்ததுதான். நீங்க வயித்துப் பிள்ளையோட இருந்தப்ப உங்களுக்குத் தொத்தி, உங்ககிட்ட இருந்து பிள்ளைக்குப் போயிருக்கு. தாய்க்கு நோய் வந்ததே தெரியாது.”

திவ்யா நிமிர்ந்தாள். “அப்ப மைலோ இல்லையா?”

“அப்ப மைலோ பிறக்கவே இல்லையே” என்று சிரித்தார் டாக்டர்.

திவ்யா சந்தோஷத்தில் அம்மாவின் கையைப் பிடித்தாள். அந்தக் கை திரும்பப் பிடிக்கவில்லை.

“மரத்தடியிலதான் பசியாறுவேன்” என்றாள் கமலவேணி மெல்ல. “மண்ணுக் கையக் கழுவத் தண்ணி இருக்காது. கைலியில தொடச்சிக்கிட்டு, வயித்துல இருக்கற புள்ளைக்குப் பசிக்குமேன்னு அள்ளி அள்ளித் தின்னேன் டாக்டர்.”

“அது உங்க பிழை இல்லை அம்மா. உங்களுக்கு ஒருத்தரும் சொல்லித் தரேல்ல.” டாக்டர் மருந்து எழுதினார். “ஆறு கிழமை, ஒண்டரை மாசம், மாத்திரை. புண் ஆறும். போன பார்வை எவ்வளவு திரும்பும் எண்டு இப்ப சொல்ல ஏலாது.”

“இவ அப்பாகிட்ட…” என்று ஆரம்பித்த கமலவேணி, பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

கதவைத் திறந்ததும் காந்தன் எழுந்து நின்றார். பெஞ்சில் இருந்தவர்களும் திரும்பினார்கள்.

“என்ன சொன்னாங்க? எதனால வந்துச்சாம்?”

கமலவேணி மருந்துச் சீட்டை மடித்து மடித்துச் சிறிதாக்கினாள். திவ்யாவின் விரிந்த கண்மணிகளுக்கு அம்மாவின் முகம் கலங்கலாகத்தான் தெரிந்தது. அவள் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நடுவில் போய் நின்றுகொண்டாள்.

“எம் பூனைதான்பா.”