இரட்டை விழுந்த காசு

"இதுல எது நல்ல விலை போகும்னு மட்டும் சொல்லுங்க. மத்த கதையெல்லாம் வேண்டாம்."

வந்த அம்மாள் உட்காரக்கூட இல்லை. இரண்டு பழைய வெள்ளிக் காசுகளைக் கண்ணாடி மேஜைமேல் வைத்தாள். ஒரே வருஷம், ஒரே தேய்மானம்.

பழங்காசுக் கடைக்காரர் லென்ஸைக் கண்ணில் பொருத்திக்கொண்டார். முதல் காசில் ஒன்றுமில்லை. இரண்டாவதை விளக்கடியில் சாய்த்தவர் அப்படியே நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அம்மா, லென்ஸ் வழியா இங்க பாருங்க. வருஷ எண் ரெண்டு ரெண்டா தெரியுதா? அடிக்கும்போது காசு அசைஞ்சிருந்தா, ரெண்டாவது எண் நசுங்கின மாதிரி தட்டையா இருக்கும். அதுக்கு மதிப்பில்ல. இது உருண்டு, ஓரத்துல பிளந்து நிக்குது. அச்சுலயே இரட்டை விழுந்திருக்கு. கீழே நாணயச்சாலைக் குறியையும் கோணலா குத்திட்டு, அதுமேலேயே திரும்பக் குத்தியிருக்காங்க!"

"அதனால?"

"இப்படித் தப்பா விழுந்த காசு ரொம்ப அபூர்வம். அதனால, இதை வித்தா ஒரு வீட்டுக்கு முன்பணம் கட்டலாம்."

"இன்னொண்ணு?"

"அது வெறும் வெள்ளி விலைதான்."

அவள் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. "அப்பா போய் ஒரு மாசமாச்சு. எனக்கும் தம்பிக்கும் ஆளுக்கு ஒண்ணுன்னு எழுதி வச்சிருக்கார். வெறும் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாதே?"

"லென்ஸ் வேணும், பழக்கமும் வேணும். தம்பிக்கு இந்த விஷயம்..."

"தெரியாது. தெரியவும் கூடாது."

கடைக்காரருக்குச் சுருக்கென்றது. பங்கு பிரிக்க வந்தவர்கள் எத்தனையோ பேரைப் பார்த்தவர்தான். ஆனால் கூடப் பிறந்தவன் கண்ணில் மண்ணைத் தூவ இப்படிக் கூசாமல் கிளம்பி வந்த யாரையும் பார்த்ததில்லை.

"அவரையும் கூட்டிட்டு வந்திருக்கலாமே" என்றார். குரல் கொஞ்சம் சூடாகத்தான் வந்தது.

"அவன் வந்தா காரியமே கெட்டுடும். ரெண்டு உறை கொடுங்க. பேனாவும்."

ஒன்றில் 'தம்பி', ஒன்றில் 'அக்கா' என்று எழுதினாள். இரட்டை விழுந்த காசைத்தான் முதலில் கையில் எடுத்தாள்.

கடைக்காரரால் பொறுக்க முடியவில்லை. "நான் சொல்லக் கூடாது... அவரும் உங்க அப்பாவுக்குப் பிள்ளைதானே அம்மா?"

"என்னைவிட அவன்தான் பிள்ளை. அப்பா படுத்த படுக்கையா கிடந்த ஆறு வருஷமும் வேலையை விட்டுட்டு, தூக்கிக் குளிப்பாட்டி, ஊட்டி விட்டவன். நான் தூரத்துல உக்காந்து போன்ல விசாரிச்சதோட சரி."

சொல்லிக்கொண்டே அந்தக் காசைத் 'தம்பி' உறைக்குள் போட்டு ஒட்டினாள்.

"நல்ல காசு எதுன்னு தெரிஞ்சா, 'நீ வச்சுக்கோ அக்கா'ன்னு என் கையில திணிச்சிடுவான், பைத்தியக்காரன். அடுத்த வாரம் அவனை இங்க அனுப்பறேன், விலையைச் சொல்லுங்க. அக்கா காசு எப்படின்னு முதல்ல அதைத்தான் கேட்பான். அதுவும் இதே மாதிரிதான்னு எனக்காக ஒரு பொய் சொல்லிடுங்க."