அசல் வேங்கை

"மாமா, இந்தப் பலகை மழைல ஊறிப்பூடாதா?" என்று ஒருநாள் எட்டு வயது தர்ஷினி கேட்டாள்.

சேக்காட்டுக் கால்வாயின் மேல் நடைபாலம் போட்டுக்கொண்டிருந்த தச்சர் கோதண்டம் சிரித்தார். "அசல் வேங்கை கண்ணு. உன் பேரன்கூட இதுமேல நடப்பான்."

இரண்டாவது மழைக்காலத்தில் பலகை முறிந்தது. தர்ஷினியை வெள்ளம் கொண்டுபோனது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் அவளுடைய அம்மா ஹேமாவதி கோதண்டத்தைத் தேடி வந்தாள்.

"அண்ணாத்தே, மத்த புள்ளைங்க தண்ணில எறங்கித்தான் ஸ்கூலுக்குப் போவுதுங்க. வேற பாலம் போட்டுக் குடு. எந்த மரமாச்சும் போடு, வேங்கை மட்டும் வாணாம். அது என் பொண்ண ஏமாத்திடுச்சி."

கோதண்டம் தலை நிமிரவில்லை. "நாளைக்கே போட்டுடறேம்மா."

மறுநாள் பிள்ளைகள் பள்ளியில் இருந்த நேரத்தில், ஆளில்லாத கால்வாயில் கனமான வேங்கைப் பலகைகளை இறுக்கி முடித்தார். இதைப் பற்றி ஹேமாவதியிடம் அவர் சொல்லப்போவதில்லை. முன்பு போட்டது சாயம் பூசிய மாம்பலகை என்பதையும் அவர் யாரிடமும் சொன்னதில்லை.

வீடு திரும்பியவர், மனைவி வேலையிலிருந்து வருவதற்குள், அன்று காலைவரை வேங்கைக் கதவு இருந்த தலைவாசலில் ஒரு பழைய புடவையைத் திரையாகக் கட்டினார்.