கமரா போகாத இடம்

பதவியேற்பு வீடியோ முடிந்ததும் சிசிலியாவின் வீட்டில் எல்லாரும் கைதட்டினார்கள்.

குருநகரில் அந்த ஒழுங்கைச் சனம் முழுவதும் அங்கேதான் கூடியிருந்தது. அமெரிக்காவில் ஒரு மாநில அரசின் தலைமை வழக்கறிஞராக, சட்டமா அதிபராக இருந்த ஜெசிதா, சிசிலியாவின் அக்கா மகள், இன்று நீதிபதி. அதுவும் சமஷ்டி நீதிமன்றத்தில், அந்த நாட்டின் கூட்டாட்சி நீதிமன்றத்தில்.

"இஞ்சை தமிழருக்குத் தராத சமஷ்டியிலை எங்கடை பிள்ளை நீதிபதி!" என்று கேக்கை வெட்டினார் பக்கத்து வீட்டு அருட்பிரகாசம். நீதிமன்றத்தில் வேலை பார்த்து இளைப்பாறியவர்.

சிசிலியாவுக்கு ஆங்கிலம் ஓடாது. ஆனாலும் ஜெசிதா சட்டமா அதிபராக இருந்த காலத்தில் ஒரு பேட்டியையும் அவள் தவறவிட்டதில்லை. மருந்துக் கம்பனிக்கு வழக்குப் போட்டாலும், தேர்தலில் வோட்டுக் கேட்டாலும், போனில் தேடிப் பார்த்துவிடுவாள்.

பத்திரிகைக்காரர் குறுக்குக் கேள்வி கேட்டால் ஜெசிதா இடது புருவத்தைச் சொறிவாள். அதைப் பார்க்கத்தான் அவ்வளவும்.

அக்கா அமெரிக்காவிலிருந்து கிறிஸ்மஸுக்கு, நத்தார் வாழ்த்துச் சொல்ல மட்டும் போன் எடுப்பாள். ஜெசிதாவிடம் போனைக் கொடுக்க மாட்டாள். சிசிலியாவும் கேட்க மாட்டாள்.

"இனி எப்ப அண்ணை பேட்டி குடுப்பாள்?"

அருட்பிரகாசம் சிரித்தார். "இனி எங்கை? அங்கை சமஷ்டிக் கோட்டுக்குள்ளை கமரா விடமாட்டினம். நீதிபதியள் பேட்டியும் குடுக்கிறேல்லை. ஆனா சாகுமட்டும் உத்தியோகம், ஒருத்தரும் அசைக்கேலாது!"

சாகுமட்டும்.

அந்த முகத்தை இனி எங்கே போய்ப் பார்ப்பது?

சிசிலியா கேக்குத் தட்டைக் கீழே வைத்தாள். அழுகை வந்துவிட்டது. பெறாமகள் மீது இவ்வளவு பாசமா என்று யாரோ முதுகைத் தடவினார்கள். ஓம் என்று தலையாட்டினாள்.

வீடியோவை மறுபடி ஓடவிட்டாள். அக்கா வேதாகமத்தை ஏந்தியபடி நிற்கிறாள். ஜெசிதா அதில் கை வைத்துச் சத்தியம் செய்கிறாள்.

சிசிலியாவும் ஒருமுறை அப்படிக் கை வைத்திருக்கிறாள். சண்டைக்குள்ளிருந்து பிள்ளையை அக்காவோடு அனுப்ப வேறு வழி இருக்கவில்லை. இது என் அக்கா பெற்ற பிள்ளை என்று சமாதான நீதவான் முன்னால் சொன்னாள். அந்தச் சத்தியத்தில்தான் ஜெசிதா அமெரிக்கா போனாள்; அது பொய்யென்று இன்று வெளியே வந்தால் குடியுரிமையோடு அவளின் நீதிபதிக் கதிரையும் போய்விடும்.

அப்போது ஜெசிதாவுக்கு ஒன்றரை வயது. சிசிலியாவின் இடுப்பில் இருந்தபடி இடது புருவத்தைச் சொறிந்துகொண்டிருந்தாள்.