அழிக்காமல் கொடுக்கவும்

“விலைக்கு மேல தர்றேன்னு ஒருத்தன் சொன்னாலே பயப்படணும்ண்ணே. பாவம் பசிக்குமேன்னு யாரும் மீனுக்குப் புழு போடுறதில்ல.”

கம்ப்யூட்டர் ரிப்பேர் கடைப் பெண் கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைக்காமலேயே சொன்னாள். எதிரே ஸ்டூலில் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு மருந்துக்கடைக்காரர் உட்கார்ந்திருந்தார். இரண்டு கடைக்கும் நடுவே ஒரு சுவர்தான்; அவள் இங்கே கடை போட்டு ஆறு மாதம்தான் ஆகிறது.

அவர் பயப்படக் காரணம் இருந்தது. பெரிய வீட்டைக் காலி செய்துவிட்டு ஒற்றை அறைக்குப் போகப்போகிறார். தனி ஆளுக்கு இத்தனை சாமான் எதற்கு என்று ஒவ்வொன்றாக இணைய ஏலத்தில் விட்டுக்கொண்டிருந்தார். முதலில் போனது டிவி. எடுக்க வந்தவன் வாய் நிறைய ‘சார்’ போட்டுப் பேசினான். பணம் அனுப்பிவிட்டதாகத் தன் போனில் பச்சை டிக் காட்டினான். இவரையே ஒரு பக்கம் பிடிக்கச் சொல்லி டிவியை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனான். பணம் இன்றுவரை வரவில்லை. காலாவதித் தேதியை இரண்டு முறை பார்க்காமல் ஒரு மாத்திரை அட்டையைக் கூடக் கொடுக்காத மனுஷன், பட்டப்பகலில் கோட்டை விட்டார். சூடு கண்ட பூனை. அதனால் லேப்டாப்பை ஏலத்தில் போட்டதிலிருந்து எது வந்தாலும் இவளிடம் காட்டிக் கேட்காமல் அடியெடுத்து வைப்பதில்லை.

ஏலத்தில் மூன்று பேர். இரண்டு பேர் பேட்டரி எவ்வளவு நேரம் நிற்கும், சார்ஜர் உண்டா, மூலையில் கீறல் எப்படி வந்தது என்று கேட்க வேண்டியதைக் கேட்டார்கள். மூன்றாவது ஆள் எதுவும் கேட்கவில்லை. கணக்குத் தொடங்கியே நான்கு நாள்தான் ஆகிறது. பெயரில்லை, படமில்லை, வெறும் எண். ஆனால் யார் விலையை ஏற்றினாலும் அடுத்த நிமிடம் அதற்கு மேல் ஏற்றினான். இந்த விலைக்குப் புதிதே வாங்கிவிடலாம். இன்று காலை ஒரே ஒரு வரி அனுப்பியிருந்தான்: உள்ளே இருப்பது எதையும் அழிக்காமல் கொடுக்கவும்.

அதைப் படித்ததும்தான் அவள் திருப்புளியைக் கீழே வைத்தாள்.

“உள்ள என்ன இருக்கு?”

“தெரியல. நான் திறந்து பார்த்ததில்ல. என் பொண்ணோடது.”

அவள் குரல் தாழ்ந்தது. பழைய போனை விற்ற ஒரு காலேஜ் பெண்ணின் படங்களை எவனோ தோண்டியெடுத்து, வேறு உடம்போடு ஒட்டி, அவளுடைய அப்பாவையே மிரட்டிப் பணம் கறந்த கதையைச் சொன்னாள். கேட்கக் கேட்க அவர் லேப்டாப் மூடியின் மேல் இரண்டு கையையும் வைத்து அழுத்திக்கொண்டார்.

“பொண்ணுகிட்ட ஒரு வார்த்தை கேட்டுடுங்கண்ணே. வேணுங்கிறத வேற எதுலயாவது எடுத்து வெச்சுக்கட்டும்.”

“அவளுக்கு எதுவும் வேண்டாம்,” என்றார் அவர். “நீ அழிச்சிடும்மா.”

சாதாரணமாக அழித்தால் விவரம் தெரிந்தவன் மீட்டுவிடுவானாம். அவள் மொத்தத்தையும் துடைத்து, அதன் மேல் வேறு எதையோ எழுதி, மறுபடியும் துடைத்தாள். மத்தியானம் வரை ஆயிற்று. நடுவில் அவர் தன் கடைக்குப் போய் யாருக்கோ இருமல் மருந்து எடுத்துக் கொடுத்துவிட்டு வந்து, அதே ஸ்டூலில் உட்கார்ந்தார். இனி எந்தக் கொம்பனாலும் எதையும் எடுக்க முடியாது என்று அவள் சொன்ன பிறகுதான் அவருக்கு மூச்சு வந்தது.

அந்த ஆளுக்கு என்ன பதில் போடுவது என்று கேட்டார்.

“சரின்னு போடுங்க. ஏமாத்த வந்தவன்கிட்ட என்னண்ணே நியாயம்?”

பொய் சொல்லி ஒரு தைலப் புட்டி கூட விற்றதில்லை அவர். கொஞ்சம் தயங்கினார். பிறகு டிவியை நினைத்துக்கொண்டு தட்டினார்: சரி. எதையும் அழிக்கவில்லை.

அன்று சாயங்காலம் ஏலம் அந்த எண்ணுக்கே முடிந்தது. பணமும் ஏலத் தளத்தின் வழியாக வந்தது. போனில் வந்த தகவலை நம்பாமல் வங்கிக்கே போய் விசாரித்து உறுதி செய்துகொண்டார். பணத்தைப் போட்டுப் பணத்தை எடுக்கிற பெரிய கை போலிருக்கிறது என்று நினைத்தார். பொருளை வீட்டில் வைத்துக் கொடுக்காதீர்கள், நாலு பேர் நடமாடுகிற, கேமரா இருக்கிற இடத்துக்கு வரச் சொல்லுங்கள் என்று அவள் சொல்லியிருந்ததால், வங்கி வாசலையே குறித்து அனுப்பினார்.

மறுநாள் பதினோரு மணிக்கு வங்கிப் படியில் நின்றார். ஏமாற்ற வந்தவனை ஏமாற்றி அனுப்புவது, டிவி போன நாளிலிருந்து எரிந்துகொண்டிருந்த இடத்தில் களிம்பு தடவியது போல் இதமாக இருந்தது. அந்த முகத்தை ஒரு தரம் நன்றாகப் பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும்.

பஸ்ஸிலிருந்து இறங்கி அவரிடம் வந்து நின்றது அவர் மனைவி.

“இனிமே என் முகத்துல முழிக்காதேன்னு சொன்னீங்க. அதான் நேரா கேக்காம ஏலத்துக்கு வந்தேன்,” என்றாள். லேப்டாப்பை வாங்கி, அதற்கென்றே தைத்துக் கொண்டுவந்திருந்த துணி உறைக்குள் மெதுவாக இறக்கினாள். “போனும் அவளோடயே நொறுங்கிப்போச்சு. பாடிப் பாடிப் பதிஞ்சு வெச்சதெல்லாம் இதுல மட்டும்தான் இருக்கு. ஒண்ணரை வருஷத்துல பெத்த பொண்ணோட குரலே மறந்துபோச்சுங்க எனக்கு. அழிக்காம குடுத்தீங்களே, அது போதும்.”