மாலுமியின் மணல் பாதை

"கயித்தை இறுக்கிப் பிடிச்சுக்குங்க மச்சான். நான் கை தூக்குற வரைக்கும் இழுக்கக் கூடாது."

கூடாரக் கயிற்றை இடுப்பில் கட்டி நின்ற தங்கை புருஷனைப் பார்த்து வேன்காரர் தலையில் அடித்துக்கொண்டார்.

பழைய துறைமுக ஊர்களைச் சுற்றலாம், கரையில் கூடாரம் போட்டுத் தூங்கலாம் என்று ஆசை காட்டித்தான் மாப்பிள்ளை அவரைக் கிளப்பியிருந்தார். ஆறு நாளில் ஆறு ஊர். ஒன்றையாவது ரசித்தாரா? ‘மாலுமி’ என்று எவரோ எழுதிய வழிகாட்டிப் புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு, காவல் கோபுரத்தில் படி எண்ணினார். அறுபது என்றது புத்தகம்; இருந்தது நாற்பத்தொன்று. கடலைக் குறிபார்ப்பதாக எழுதியிருந்த பீரங்கி ஊரைக் குறிபார்த்தது. எல்லாவற்றையும் பென்சிலால் அடித்துத் திருத்தினார். அச்சகத்தில் பிழை திருத்துகிறவர். தொழில் புத்தி போகுமா?

முதல் ஊரிலேயே வேன்காரர் உஷாராகியிருக்க வேண்டும். செருப்போடு கடலில் இறங்கி, ஒரு கை அள்ளி வாயில் விட்டுத் துப்பிய மனிதர் இவர்.

இப்போது கடைசி ஊர். கடல் உள்வாங்கும் நேரத்தில் எதிரே இருந்த தீவுக் கலங்கரை விளக்கத்துக்கு மணல் திட்டு வழியே முழங்கால் தண்ணீரில் நடந்தே போகலாம் என்றது புத்தகம். அங்கே ஆள் முழுகும் ஆழம் என்றாள் கரையில் வலை பின்னிக்கொண்டிருந்தவள்.

"அந்தம்மாதான் சொல்லுதே, அப்படியே எழுதிக்க வேண்டியதுதானே மாப்ளே?"

"அடுத்தவங்க சொன்னதைக் கேட்டு எழுதித்தான் இந்தக் கதி. திங்கக்கிழமை புத்தகம் மறுபடி அச்சுக்குப் போகுது மச்சான். இதை நம்பி எவனாவது பிள்ளையைத் தோள்ல வச்சுக்கிட்டு இறங்கினா?"

இறங்கிவிட்டார். இருபதாவது எட்டில் மார்பளவு. முப்பதாவது எட்டில் ஆளைக் காணோம். கை மட்டும் தெரிந்தது. வேன்காரர் உள்ளங்கை கிழிய இழுத்தார்.

கரையில் கிடந்து இருமிய மாப்பிள்ளை முதலில் கேட்டது பென்சிலை. அந்தப் பத்தி முழுவதையும் குறுக்கே அடித்தார்.

வேன்காரருக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "அந்த மாலுமிப் பய மட்டும் என் கையில சிக்கட்டும். கடலைக் கண்ணால பார்த்திருப்பானா அவன்?"

மாப்பிள்ளை சட்டையைப் பிழிந்தார்.

"ஆறு நாளைக்கு முன்னாடிதான் மச்சான், முதல்முதலாப் பார்த்தேன்."