பஸ்ஸா, லாரியா

"பஸ்ஸா, லாரியா? நீங்களே சொல்லிடுங்கப்பா" என்று கேட்டுக்கொண்டே அவள் லாரிக்குள் ஏறி அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

சரக்கை இறக்கிவிட்டு அடுத்த லோடுக்குக் கிளம்புகிறவர், மகள் வருகிறாள் என்று கிடங்கு வாசலில் வண்டியை ஓரங்கட்டியிருந்தார். இன்ஜினை அணைக்கவில்லை. காலி வண்டி தடதடவென்று ஆடிக்கொண்டிருந்தது.

அவர்கள் வீட்டில் யாரும் விமானம் என்று சொல்வதில்லை. ஆட்களை ஏற்றுகிற விமானக் கம்பெனி என்றால் பஸ். சரக்கு ஏற்றுகிறது என்றால் லாரி. பைலட் படிப்பை முடித்தவளுக்கு இரண்டு பக்கமும் வேலை கிடைத்துவிட்டது. சாயங்காலத்துக்குள் ஒரு பக்கம் சரி சொல்ல வேண்டும். மற்றது கையை விட்டுப் போகும்.

அவளை வளர்த்த அத்தைக்கு இதில் யோசிக்கவே ஒன்றுமில்லை. "பஸ் ஓட்டுறவனுக்கு ஊரே வணக்கம் வைக்கும். லாரிக்காரனுக்குக் கை காட்டுறது போலீஸ்காரன் மட்டும்தான்டி" என்று காலையில்கூடச் சொல்லி அனுப்பினாள்.

அவளுக்கும் பஸ்மேல்தான் ஆசை. 'உங்கள் விமானி பேசுகிறேன்' என்று குளியலறையில் சொல்லிப் பார்த்து, வெளியே அத்தை சிரிக்கிற சத்தம் கேட்டு நாக்கைக் கடித்துக்கொண்டவள்.

நேர்முகத் தேர்வில், இந்த வேலைமேல் ஏன் ஆசை வந்தது என்று கேட்டார்கள்.

அப்பா முன்னே பஸ் ஓட்டினார், யாராவது தூங்கினால் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே, வேகத்தடையில் பூவைத் தூக்கி வைக்கிற மாதிரி வண்டியை ஏற்றி இறக்குவார், அப்படி நானும் ஒரு விமானத்தை இறக்க வேண்டும் என்றாள்.

எதிரே இருந்தவர்கள் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்கள்.

முழுசையும் அவள் சொல்லவில்லை.

அப்பா வண்டியை எடுத்தார். தலைக்கு மேலிருந்த நீளக் கண்ணாடியை ஒரு பார்வை பார்த்தார். பஸ்ஸில் இருக்கிற மாதிரிக் கண்ணாடி. அவரே வாங்கி மாட்டியது. லாரியில் அதற்கு வேலையே கிடையாது. முதுகுக்குப் பின்னால் தகரச் சுவர்தான்.

"அதுல யாரைப்பா தேடுறே, பொண்ணு பாக்குறியா?" என்று கூட்டாளிகள் வம்புக்கு இழுப்பார்கள். சிரித்து வைப்பார். கழற்ற மாட்டார்.

இன்னொரு கிறுக்கும் உண்டு. வண்டியில் யாரையும் கண்ணசர விட மாட்டார். தலை சாய்ந்தால் போதும், தட்டி எழுப்பிவிடுவார். அவர் வண்டியில் ஏறுவதற்குப் பதில் நடந்தே போய்ச் சேரலாம் என்பாள் அத்தை.

"லாரியே எடுத்துக்கோ, பாப்பா" என்றார் கடைசியில்.

"ஏம்ப்பா, எம்மேல நம்பிக்கை இல்லையா?"

சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்.

"பெட்டி தூங்காதும்மா."

அந்த நாளைப் பற்றி அப்பா வாய் திறந்தது இதுதான் முதல் தடவை. இதற்கு மேல் ஒரு வார்த்தை வராது என்பதும் அவளுக்குத் தெரியும்.

அப்போது அவள் ஒன்றாம் வகுப்பு. அப்பாவின் பஸ்ஸில் அம்மாவோடு வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தாள். நெஞ்சு கரிக்கிறது, கொஞ்சம் சாய்ந்துகொள்கிறேன் என்று அம்மா ஜன்னலில் தலையை வைத்தாள். கண்ணாடியில் அப்பாவின் முகம் தெரிந்தது. அம்மாவைப் பார்த்தார். உதட்டில் விரலை வைத்து, எழுப்பாதே என்று ஜாடை காட்டினார். இவளும் உதட்டில் விரல் வைத்துக் காட்டினாள். இரண்டு பேருக்கும் சிரிப்பு.

அன்றைக்கு ஓட்டின மாதிரி அவர் என்றைக்கும் ஓட்டினதில்லை. ஒரு குலுக்கல் கிடையாது. பெரிய ஆஸ்பத்திரி வாசலில் ஒரு வேகத்தடை. அதைத்தான் பூ மாதிரி ஏற்றி இறக்கினார்.

எல்லோரும் இறங்கிய பிறகும் அம்மா எழுந்திருக்கவில்லை.

அதன்பிறகு அவர் பஸ் ஓட்டவில்லை.

அவள் செல்போனை எடுத்தாள். முதலில் பஸ் கம்பெனிக்கு, வர இயலவில்லை என்று எழுதினாள். அனுப்புகிற இடத்தில் விரல் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு அழுத்தினாள். லாரி கம்பெனிக்குச் சரி என்று எழுத அவ்வளவு நேரம் பிடிக்கவில்லை. குளியலறையில் பழகிய வாசகத்தை இனி யாரிடமும் சொல்ல வேண்டியதில்லை.

"லாரிதாம்ப்பா. சொல்லிட்டேன்."

முதுகிலிருந்த மூட்டையை யாரோ கைகொடுத்து இறக்கிவிட்ட மாதிரி அப்பா மூச்சு விட்டார்.

தனக்காகத்தான் மகள் ஆசையை விட்டாள் என்று நினைத்துக்கொண்டிருப்பார். நினைக்கட்டும். அவளிடமும் ஒரு மூட்டை இருந்தது. அதை இறக்க வேண்டுமென்றால் அவர் தலையில்தான் இறக்க வேண்டும்.

அன்றைக்கு, பஸ் ஆஸ்பத்திரியைத் தாண்டுவதற்கு முன்னால், அவள் அம்மாவின் கையைப் பிடித்திருந்தாள். கை சில்லென்று வேர்த்திருந்தது. அந்த விரல்கள் இவளுடைய விரல்களை ஒரு முறை இறுக்கின. நன்றாகவே இறுக்கின.

சொல்லலாம் என்று நிமிர்ந்தாள். கண்ணாடியில் அப்பா பார்த்துக்கொண்டிருந்தார். சிரித்துக்கொண்டே இவள் மறுபடியும் உதட்டில் விரலை வைத்தாள்.

லாரி ஒரு திருப்பத்தில் மெல்லத் திரும்பியது. வெயில் முகத்தில் அடித்ததில் அவள் கண்ணை மூடினாள்.

"தூங்கிட்டியா, பாப்பா?"

பக்கத்தில் இருக்கிறவளிடம், கண்ணாடியைப் பார்த்துக் கேட்டார் அப்பா.

"இல்லப்பா" என்றாள். "முழிச்சுட்டுத்தான் இருக்கேன்."