நோரீன் என்று கூப்பிடு

“இது எனக்கு ஒரு வேலை. அவ்வளவுதான்” என்றாள் நோரீன்.

ரோஸலிண்டின் பேனா நின்றது.

பெற்றவர்களோடு இருக்க முடியாத பிள்ளைகளைக் கொஞ்ச காலத்துக்கு யார் வீட்டில் விடலாம் என்று பார்த்துச் சொல்வது அவள் உத்தியோகம். இங்கிலாந்தின் கிரிம்ஸ்பி நகரத்தில் அவள் உட்கார்ந்து டீ குடிக்காத சமையலறை குறைவு. எல்லாரும் எடுத்த எடுப்பில் சொல்வது, “எனக்குக் குழந்தைங்கன்னா உயிர்.” அதில் பாதி பொய் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் அந்தப் பொய்யைக்கூடச் சொல்லாத ஒருத்தியை இன்றுதான் பார்க்கிறாள்.

“வேலைன்னா?”

“வேலைன்னா வேலைதான், கண்ணு. நான் வேலை பார்க்கற மீன் ஃபேக்டரியை இழுத்து மூடப் போறாங்க. அடுத்து என்ன பண்ணலாம்னு யோசிச்சேன். இதை முழுநேரத் தொழிலா எடுத்துச் செய்யலாம்னு உங்க விளம்பரத்துலயே போட்டிருக்கே.”

“மீன் பாக்கெட் போடறதும் பிள்ளை வளர்க்கறதும் ஒண்ணா?”

“இல்லை. மீன் கதவை அறைஞ்சு சாத்தாது.”

ரோஸலிண்ட் சிரிக்கவில்லை. டீ போட்டுக்கொண்டிருந்த நோரீனின் மகள் கிர்ஸ்டிதான் சிரித்தாள். கல்யாண வயதுப் பெண்.

“நோரீன், சர்க்கரையை எங்க வச்சுத் தொலைச்சே?”

ரோஸலிண்ட் நிமிர்ந்தாள். பெற்றவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது இந்த ஊரிலும் வழக்கமில்லை.

“சொந்த மகள்தானே?”

“நான் பெத்ததுதான்” என்றாள் நோரீன், டீயைப் பார்த்துக்கொண்டு.

“வர்ற பிள்ளை உங்களை அம்மான்னு கூப்பிட்டா?”

“திருத்துவேன். நோரீன்னு கூப்பிடச் சொல்வேன்.”

“சின்னக் குழந்தைன்னா?”

“சின்னக் குழந்தை வாயில நோரீன் நுழையாதா என்ன?”

“பயந்து அழுதுகிட்டு வந்து உங்களைக் கட்டிக்கிட்டா?”

“அழுகை நிக்கிற வரைக்கும் மடியில வச்சுக்குவேன். ஆனா, நான் உன் அம்மா இல்லைன்னு சொல்லிடுவேன்.”

என்ன நெஞ்சு இது! பிள்ளைக்கு ஒதுக்கிய அறையையாவது பார்ப்போம் என்று ரோஸலிண்ட் எழுந்தாள்.

மாடி அறையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. புது பெயின்ட், புது மெத்தை, ஜன்னலுக்குக் கம்பி. தலைமாட்டில் மட்டும் ஒரு போட்டோ ஃபிரேம், உள்ளே படமே இல்லாமல்.

“ஒரு நாய்க்குட்டிப் படம்கூடவா கிடைக்கலை?”

“அது காலியாத்தான் இருக்கணும்.”

அத்தோடு ரோஸலிண்டின் பொறுமை போய்விட்டது. கோட்டை எடுத்து மாட்டினாள்.

“மன்னிக்கணும், நோரீன். இந்தப் பிள்ளைங்களுக்கு வேண்டியது வீடு, லாட்ஜ் இல்லை. உங்க விண்ணப்பத்தை மேல அனுப்ப என்னால முடியாது.”

நோரீன் கட்டிலில் உட்கார்ந்தாள். அதன் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

“எனக்கு இந்த வேலை வேணும், கண்ணு.”

“வேலைதானே? ஊர்ல எத்தனையோ கிடைக்கும்.”

அறை வாசலில் கிர்ஸ்டி நின்றிருந்தாள். வழிவிடவில்லை.

“சொல்லிடு, நோரீன்.”

“சும்மா இரு. சொன்னா எல்லாம் கெட்டுப்போயிடும்.”

“கெட்டாச்சு. இனிமே என்ன கெடப்போகுது? சொல்லு.”

நோரீன் அந்தக் காலி ஃபிரேமை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

“இது வர்ற பிள்ளையோட அம்மா படத்துக்கு. அவ எங்கேயோ இருப்பா. எப்படியாவது தேறி, பிள்ளையைத் திரும்பக் கூட்டிக்கணும்னு தவிச்சுக்கிட்டிருப்பா. அவ வர்ற வரைக்கும் அவ இடம் அவளுக்கு இருக்கணும்.”

“உங்களுக்கு எப்படித் தெரியும், அவ தவிப்பான்னு?”

நோரீன் மகளைப் பார்த்தாள். பிறகு ரோஸலிண்டை நேராகப் பார்த்தாள்.

“நான் குடிச்சேன். இவ அப்பா விட்டுட்டுப் போனதுலேர்ந்து, கண் முழிச்சதும் பாட்டில்தான். இவ அப்போ தத்தித் தத்தி நடக்கற குழந்தை. உங்களை மாதிரி ஒருத்தர் வந்து தூக்கிட்டுப் போனாங்க.”

ரோஸலிண்ட் போட்ட கோட்டுப் பொத்தானை அவிழ்த்தாள்.

“பாலின்ங்கற ஒருத்தி வீட்டுல விட்டாங்க. நல்லவ. பொய் சொல்ல மாட்டேன், ரொம்ப நல்லவ. சொந்தப் பிள்ளை மாதிரியே வச்சுக்கிட்டா. ‘இனிமே நான்தான் உன் அம்மா’ன்னு சொல்லிச் சொல்லித் தூங்க வச்சா. நீங்க எல்லாரும் கேக்கற அன்பு, அத்தனையும் குடுத்தா.”

“நீங்க?”

“குடியை விட்டேன். முடியவே முடியாதுன்னாங்க. விட்டேன். மூணு வருஷம் கழிச்சுக் கோர்ட்டுல இவளைத் திருப்பித் தரச் சொல்லிட்டாங்க.”

ரோஸலிண்ட் கோட்டைக் கழற்றினாள். அந்தச் சின்னக் கட்டிலில் நோரீனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“அன்னிக்குக் கேக் எல்லாம் செஞ்சு வச்சுட்டு வாசல்ல நின்னேன். காரை விட்டு இறங்க மாட்டேன்னுட்டா. ‘என்னை விட்டுட்டுப் போகாதே, அம்மா’ன்னு பாலின் கழுத்தைக் கட்டிக்கிட்டு ஒரே அழுகை. பாலினும் அழறா. எப்படியோ சமாதானப்படுத்தி என் முன்னாடி கொண்டுவந்து நிறுத்தினா.”

நோரீன் ஃபிரேமின் கண்ணாடியைப் புறங்கையால் துடைத்தாள்.

“இவ கண்ணைத் துடைச்சுக்கிட்டா. விருந்தாளிக்குக் குடுக்கற மாதிரி எனக்குக் கையை நீட்டினா. ‘ஹலோ, நோரீன்’னா.”